ஒரு வாரம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால்

பொது இடத்தில் விளையாட்டு வசதி ஏதாவது அமைக்கலாம் என்று பேச்சு எழுந்தால் போதும், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் நீச்சல் குளம் கேட்கும், மறுபக்கம் டென்னிஸ் கோர்ட் கேட்கும். நடக்க ஒரு பாதை போதும் என்கிறவர்கள் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருப்பார்கள். எதை எதோடு வைத்துப் பார்ப்பது என்று தெரியாததால்தான் இந்தச் சண்டை இழுத்துக்கொண்டே போகிறது. நிலத்தின் அளவை முதலில் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

போட்டித் தரத்தில் ஒரு டென்னிஸ் கோர்ட், ஓடித் திரும்பும் இடத்தையும் சேர்த்து, 36.57 × 18.29 மீட்டர். அதாவது 669 சதுர மீட்டர். 25 × 15 மீட்டரில் ஆறு தடம் கொண்ட குளத்தைச் சுற்றி 3 மீட்டர் நடைமேடை விட்டால் 651. கூடைப்பந்துக் களம் 28 × 15. சுற்றிலும் 2 மீட்டர் விட்டால் 608. நான்கு பாட்மிண்டன் கோர்ட் போடுகிற உள்ளரங்கம் வழக்கமாக 34.5 × 20, அதாவது 690. நான்குமே ஏறத்தாழ ஒரே மனையில் அடங்குகிறவை. அதே மனையைக் குழந்தைகள் திடலாக்கி, தலைக்கு 7 சதுர மீட்டர் ஒதுக்கினால் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் ஆடலாம். குளத்தில் ஒருவருக்கு 3 சதுர மீட்டர் நீர்ப்பரப்பு என்று வைத்தால் 125 பேர். உள்ளரங்கில் பாட்மிண்டன் இரட்டையர் 16 பேர். கூடைப்பந்தில் 10 பேர். டென்னிஸில் நான்கு பேர், பல நேரங்களில் இரண்டே பேர்.

இந்தக் கணக்கைப் போட்டதும் குளம்தான் வெற்றி என்று தோன்றும். ஆனால் தலை எண்ணிக்கையைவிட நான் பெரிதாக மதிக்கிற கேள்வி ஒன்று உண்டு. பராமரிக்கிற ஆள் ஒரு வாரம் வரவில்லை, வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் இந்த இடம் என்ன ஆகும்? ஒரு வசதியின் உண்மையான குணம் அங்கேதான் தெரியும்.

டென்னிஸ் கோர்ட்டுக்கு ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது. இலை விழுந்து கிடக்கும், நெட் கொஞ்சம் தளரும். அதன் கெடுதல் எல்லாம் கட்டும்போதே உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. அக்ரிலிக் பூசிய கடினத் தளம் ஒரே சாய்வாக, சுமார் 1 சதவீதச் சரிவில் இருக்க வேண்டும். 18 மீட்டர் அகலத்தில் ஒரு ஓரத்துக்கும் எதிர் ஓரத்துக்கும் 18 செ.மீ. உயர வித்தியாசம் வரும். ஆடுகிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. நெட்டின் கீழே மேடாக்கி இரு புறமும் சரிப்பது, அல்லது நான்கு மூலைக்கும் பிரித்து விடுவது, இரண்டுமே தப்பு. தளம் போட்டவருக்குக் கடைசித் தவணை தருமுன் ஒரு வெயில் நாளில் முழுக் கோர்ட்டையும் தண்ணீரால் நனையுங்கள். வடிய விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். எங்கெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அங்கே ஒரு நாணயத்தைப் படுக்க வையுங்கள். நாணயம் மூழ்கினால், அதாவது ஆழம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டினால், அந்தப் பள்ளத்தைச் சமன் செய்த பிறகே மேல்பூச்சு. இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு மழையிலும் அதே இடத்தில் பாசி பிடிக்கும், வண்ணம் உரியும்.

ஆள் குறைவாக வருகிற டென்னிஸ் கோர்ட்டுக்கு இப்போது ஒரு மறுவாழ்வு இருக்கிறது. அதுதான் பிக்கிள்பால், சின்னக் களத்தில் கெட்டி மட்டையும் பிளாஸ்டிக் பந்தும் வைத்து டென்னிஸ் போல ஆடுகிற ஆட்டம். அதன் களம் 13.41 × 6.10 மீட்டர், சுற்றிடத்தையும் சேர்த்தால் குறைந்தது 18.29 × 9.14. அந்தத் தளத்தில் இதுபோல நான்கு களம் அச்சுக் குத்தியதுபோல் பொருந்தும். நான்கு பேர் நின்ற இடத்தில் பதினாறு பேர். ஆனால் கெட்டி மட்டை பிளாஸ்டிக் பந்தில் படும்போது எழுகிற சத்தம் கூர்மையானது, ஓயாதது. படுக்கையறை ஜன்னல்கள் அந்தப் பக்கம் பார்த்திருந்தால் திறந்த முதல் மாதத்திலேயே புகார் வரும். சத்தத்தைக் குறைக்க மட்டையின் வகையைக் கட்டுப்படுத்தலாம், தடுப்புத் திரை கட்டலாம். ஆனால் தூரம் செய்கிற வேலையை இரண்டும் செய்யாது.

வாலிபால் பற்றி யாரும் பேசுவதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. களம் 18 × 9 மீட்டர், சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24 × 15, மொத்தம் 360 சதுர மீட்டர். டென்னிஸுக்குத் தேவையான மனையில் பாதிக்குச் சற்று மேல். ஆடுகிறவர்கள் 12 பேர். ஆண்களுக்கு நெட் உயரம் 2.43, பெண்களுக்கு 2.24 மீட்டர், கம்பத்தில் இரண்டு உயரத்துக்கும் துளை இருந்தால் போதும். கவனிக்க வேண்டியவை இரண்டே. கம்பத்தைக் கழற்றினால் தரையில் இருக்கும் குழாய் வாய்க்கு மூடி போட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது கணுக்காலை உள்ளே விட்டுவிடுவார்கள். நெட்டை இறுக்குகிற கைப்பிடியைக் கழற்றிப் பூட்டி வைக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் கம்பம் உட்புறம் வளையும், பிறகு எந்த ஜென்மத்திலும் நெட் நடுவில் நேராக நிற்காது. ஒரு வாரம் விட்டால் நெட் தொய்யும். அவ்வளவுதான்.

கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். வளையத்தைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் எங்கும் உண்டு. ஆகவே அழுத்தினால் மடங்கி மீளும் வளையம் போடுவது நல்லது. பலகையின் பின்புற போல்ட்டுகளை மாதம் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். இரவில் பந்து தரையில் தட்டுகிற சத்தம் சுவரைத் தாண்டும், அதனால் விளக்கு அணையும் நேரத்தை டைமரிலேயே வைத்துவிடுங்கள். ஆளை வைத்து அணைக்கச் சொன்னால் தினமும் வாக்குவாதம்தான்.

இனி குளம். ஒரு வாரம் என்ன, வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாள் விட்டாலே நீர் பச்சையாகும். மேலே சொன்ன குளத்தின் சராசரி ஆழம் 1.35 மீட்டர் என்றால் கொள்ளளவு 506 கனமீட்டர். அத்தனை நீரும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுற்றிவர மணிக்கு 84 கனமீட்டர் தள்ளுகிற பம்ப் வேண்டும். நான்கு மணி நேரத்தில் சுற்றிவர 126. குழந்தைகளின் சின்னக் குளத்துக்கு இதுவும் போதாது, அங்கே ஒரு மணி நேரத்துக்குள் முழுச் சுற்று முடிய வேண்டும். பம்ப் வாங்கும்போது சிக்கனம் பார்த்தால் அந்தக் குறையை மருந்தைக் கொட்டி ஈடுகட்ட முடியாது.

தனிக் குளோரின், அதாவது அழுக்கோடு சேராமல் நீரில் மிச்சமிருக்கும் குளோரின், 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8. இந்த இரண்டு எண்ணையும் எல்லாக் குளத்திலும் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். ஒன்று மற்றதை எப்படிக் கெடுக்கிறது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. பிஎச் 7.2 ஆக இருக்கும்போது போட்ட குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 7.5-இல் அது பாதியாகிவிடும். 8-ஐத் தொட்டால் கால் பங்கும் தேறாது. கருவி 2 பிபிஎம் என்று காட்டிக்கொண்டே இருக்கும், நீர் கெட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் பிஎச்சைச் சரிசெய்யுங்கள், பிறகு குளோரின். 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் இந்தக் குளத்தை 1 பிபிஎம் ஏற்ற ஏறக்குறைய 780 கிராம் பிடிக்கும். தூளை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்க வேண்டும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிஎச்சைக் குறைக்கிற அமிலம் வைக்கிற அறையும் குளோரின் வைக்கிற அறையும் தனித்தனியாக இருக்க வேண்டும், அள்ளுகிற குவளையும் அப்படியே. இரண்டும் கலந்தால் கிளம்புவது நச்சு வாயு.

சோதனை செய்கிறவர் கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். கண்ணாடிக் குப்பியில் குளத்து நீரைப் பிடித்து டிபிடி மாத்திரை போடுகிறார். இளஞ்சிவப்பு வந்தால் குளோரின் இருக்கிறது, நிறம் ஏறாவிட்டால் இல்லை. இதில் ஒரு பொறி உண்டு. குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டி எகிறிக் கிடந்தால் அது அந்த நிறத்தையே வெளுத்துவிடும். ஒரு கணம் சிவப்பு மின்னி மறையும், குப்பி தெளிவாக நிற்கும். குளோரின் சுத்தமாக இல்லை என்று நினைத்து இன்னும் இரண்டு கிலோ போடுவார்கள். நிறமே வராத நாளில், பாதிக் குப்பி குளத்து நீரோடு பாதிக் குப்பி குளோரின் இல்லாத நல்ல நீரைக் கலந்து மறுபடி பார்த்து, வருகிற எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் சந்தேகம் என்றால் குளத்து நீரின் பங்கை நான்கில் ஒன்றாக்கி நான்கால் பெருக்குங்கள். குளத்தருகே மூக்கில் ஏறுகிற நெடியைக் கூட ‘குளோரின் அதிகம்’ என்று தவறாகப் படிக்கிறார்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமீனின் வாசம் அது. அந்த நீருக்குப் பெரும்பாலும் இன்னும் குளோரின் தேவைப்படும். குளிக்க இறங்குமுன் ஒரு நிமிடம் ஷவரில் நிற்கச் சொல்வதன் காரணமும் இதுவே.

தண்ணீர் குறைகிறது, ஆவியாகிறதா, ஒழுகுகிறதா? குழாய் வேலைக்காரரைக் கூப்பிடுமுன் வாளிச் சோதனை செய்யலாம். ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிக் குளத்தின் முதல் படியில், வாளிக்குள் இருக்கிற மட்டமும் வெளியே குளத்து மட்டமும் ஒன்றாக வருகிற மாதிரி வையுங்கள். வாளியின் உட்புறம் ஒரு கோடு, வெளிப்புறம் ஒரு கோடு. 24 மணி நேரம் யாரும் இறங்காமல், மேல்நீர் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயிலின் வேலை. குளம் கூடுதலாக இறங்கியிருந்தால் ஒழுகல். இந்தக் குளத்தில் 1 செ.மீ. என்பது 3,750 லிட்டர். பம்பை ஓட்டி ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை பாருங்கள். ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கினால் பம்பிலிருந்து குளத்துக்கு அழுத்தத்தோடு நீரைத் திருப்பி அனுப்புகிற குழாயில் தேடலாம்.

மணல் ஃபில்டரின் அழுத்தம் சுத்தமாக இருந்தபோது காட்டிய எண்ணைவிட 0.5 முதல் 0.7 பார் (அழுத்த அலகு) ஏறினால் பேக்வாஷ், அதாவது நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது, பார்வைக் கண்ணாடியில் நீர் தெளியும் வரை. தினமும் பழக்கமாகச் செய்தால் தண்ணீர்தான் வீண். கொஞ்சம் அழுக்கு தங்கிய மணல்தான் நன்றாக வடிகட்டும். மேலே நின்று பார்த்தால் ஆழமான இடத்தின் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்று குளத்தை மூடிவிடுங்கள், யார் வந்து கேட்டாலும் சரி. மூடி உடைந்தோ கழன்றோ இருந்தாலும் அப்படியே; உறிஞ்சும் வாய் ஒன்றே இருந்தால் பிள்ளையின் தலைமுடியோ உடலோ அதில் சிக்கிவிடும், ஆகவே தள்ளித் தள்ளிக் குறைந்தது இரண்டு வாய் இருக்க வேண்டும். யாருக்காவது குளத்துக்குள் வயிற்றுப்போக்கு ஆகிவிட்டால் அன்றைய வழக்கமான மருந்து பயன்படாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாதாரணக் குளோரின் அளவில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். நிலைப்படுத்தி (வெயிலில் குளோரின் அழியாமல் காக்கச் சேர்க்கும் மருந்து) இல்லாத குளத்தில் குளோரினை 20 பிபிஎம்மில் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் வைக்க வேண்டும். இத்தனைக்கும் மேலே, குளம் திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கண் எடுக்காத உயிர்காப்பாளர் வேண்டும். தன் பகுதியை 10 நொடிக்குள் முழுக்கப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அடுத்த 20 நொடிக்குள் ஆளிடம் போய்ச் சேர முடியாவிட்டால் ஒரு நாற்காலி போதவில்லை என்று பொருள். இதற்கெல்லாம் ஆள் போட வழியில்லாத இடத்தில் குளம் கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன், எத்தனை பேர் கை தூக்கினாலும்.

குளம் கெட்டால் பச்சையாகிக் காட்டிக்கொடுக்கும். குழந்தைகள் திடல் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஆபத்தாகிவிட்ட பிறகும் அழகாகவே தெரியும். விழுகிற பிள்ளையைக் காப்பது கீழே இருக்கிற தரை. மரச் சீவல் 23 செ.மீ. ஆழம் இருந்தால் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். அதே 23 செ.மீ. மணல் 1.2 மீட்டருக்கு மட்டுமே. மணலும் சீவலும் ஒன்றுதானே என்று மாற்றிக் கொட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கொட்டியது நாளடைவில் கால் பங்கு அமுங்கிப்போகும், அதனால் 23 வேண்டும் என்றால் முதலில் 30 செ.மீ. போட வேண்டும். ஊஞ்சலின் கீழேயும் சறுக்கு மரத்தின் வாயிலும் காலால் உதைத்து உதைத்துப் பள்ளம் விழும். மற்ற இடமெல்லாம் நிரம்பியிருக்கும், பிள்ளை விழுகிற அந்த ஒரே இடத்தில் மண் பல்லைக் காட்டும். ஊஞ்சல் கம்பத்திலேயே வண்ணக்கோடு ஒன்று வரைந்து வைத்தால், கோடு வெளியே தெரிகிற நாளில் வாருகோலால் இழுத்து மூடுவது யாராலும் முடியும்.

மேல் கம்பியிலிருந்து தரைவரை 2.4 மீட்டர் என்றால் ஊஞ்சலுக்கு முன்னே 4.8, பின்னே 4.8 மீட்டர் காலியாக விடவேண்டும். ஒரு சட்டத்துக்கு இரண்டு இருக்கைக்கு மேல் கூடாது. மூன்று போட்டால் நடு ஊஞ்சலுக்குப் போகிற பிள்ளை ஆடுகிற இரண்டில் ஒன்றின் குறுக்கே நடந்தாக வேண்டும். சங்கிலியைக் கோக்கும் எஸ் கொக்கியின் வாயில் ஒரு மெல்லிய நாணயம் நுழைந்தாலே, அதாவது இடைவெளி 1 மில்லிமீட்டர் இருந்தாலே, இடுக்கியால் நெருக்க வேண்டும். துணி மாட்டுவது அங்கேதான். கைப்பிடிக் கம்பிகள், ஏணிப் படிகள் எதிலும் 9 செ.மீ.க்கு மேல் 23 செ.மீ.க்குள் இடைவெளி இருக்கக் கூடாது. உடல் நுழைந்து தலை சிக்குகிற அளவு அது. சறுக்கு மரத்தில் பெரியவர்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவதைப் பாசம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பிள்ளையின் ஷூ ஓரத்தில் உராய்ந்து நிற்க, மேலே இருக்கிற பெரியவரின் எடை நிற்காமல் இறங்க, கால் எலும்பு முறிகிறது. தனியாகச் சறுக்கினால் வேகமும் எடையும் குறைவு, கால் மாட்டினாலும் அப்படி முறியாது. உலோகச் சறுக்கு மரத்தை வெயில் அடிக்கிற பக்கம் திருப்பி வைத்தால் மதியத்தில் தோல் வெந்துவிடும், ரப்பர் தரைக்கும் செயற்கைப் புல்லுக்கும் அதே சிக்கல்.

உள்ளரங்கம் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கியது என்பதால் நம்பிக்கையோடு எதையும் உள்ளே ஏற்றுகிறார்கள். பாட்மிண்டனுக்கு மேல் உயரம் 7.5 மீட்டராவது வேண்டும். சுவர் அடர் நிறத்தில் இருந்தால்தான் வெள்ளை இறகு கண்ணில் படும். விளக்கு கோர்ட்டின் தலைக்கு மேல் வராமல் இரு பக்கமும் வரிசையாக வரவேண்டும். ஏசிக் காற்று கோர்ட் மேல் வீசினால் இறகு திசை மாறும், ஆட்டம் போச்சு. மரத்தளத்தை ஈரத் துடைப்பத்தால் துடைப்பவர் நல்ல எண்ணத்தோடுதான் துடைக்கிறார், ஆனால் பலகையின் ஓரங்கள் மேலெழும்ப அதுவே வழி. விளையாட்டுத்தளம் கால் விழும் அதிர்ச்சியில் கால் பங்காவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதி. நேராகக் கான்கிரீட் மேல் ஓடு ஒட்டியிருந்தால் இந்தச் சோதனையில் தேறாது, முழங்காலுக்கு அது தெரியும். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் நாற்காலி போடுவது தவிர்க்க முடியாவிட்டால், தளத்துக்கென்று ஒரு விரிப்பு வாங்கி வைத்த பிறகு சம்மதியுங்கள். ஐந்து ஆட்டத்துக்கு ஐந்து நிறக் கோடுகள் போட்ட தளத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். முக்கிய ஆட்டம் ஒன்றைத் தேர்ந்து அதன் கோட்டை மட்டும் அகலமாகவும் பளிச்சென்றும் போட்டால் போதும்.

உடற்பயிற்சிக் கருவிகளில் திறந்த வெளியில் வைக்கிறவை உங்கள் எடையையே பாரமாகக் கொள்கின்றன. பாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வயதானவர்களுக்கு உதவும், பழகிய இளைஞர்களுக்கு ஒரு மாதத்தில் அலுக்கும். உள்ளே வைக்கிற டிரெட்மில்லுக்குப் பின்னால் 2 மீட்டர், பக்கவாட்டில் அரை மீட்டர் காலியாக விடுங்கள். பெல்ட்டுக்கு அடியில் மசகு காய்ந்தால் மோட்டார் அதிக மின்சாரம் இழுத்துக் கட்டுப்பாட்டுப் பலகையை எரித்துவிடும். பெல்ட் கனமாக நகர்வது கையால் இழுக்கும்போதே தெரியும்.

நடைபாதைக்கு நிலமே தனியாக வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் சுற்றி ஓட விட்டுவிடலாம். இந்த ஒரு மனையின் ஓரமாகப் போட்டால் சுற்றளவு 110 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது சுற்று. இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்கவும் எதிரே ஒருவர் வரவும் 2.4 மீட்டர் அகலம் வேண்டும். குறுக்குச் சரிவு 2 சதவீதத்தைத் தாண்டினால் சக்கர நாற்காலி ஒரு பக்கம் இழுக்கும். வேர் தூக்கிய கல்லின் விளிம்பு 6 மில்லிமீட்டர் துருத்தினால் போதும், காலைத் தேய்த்து நடக்கிறவர் தடுக்கி விழ. சின்னச் சுற்றில் எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் ஒரு கால் மூட்டுக்கே சுமை என்பதால் நாள் மாற்றித் திசை மாற்றலாம்.

எதைக் கட்டுவது என்று முடிவெடுக்குமுன், இருக்கிற இடத்தில் ஒரு வாரம் அரை மணிக்கு ஒருமுறை ஆள் எண்ணிப் பாருங்கள். காலை ஐந்தரை முதல் இரவு ஒன்பது வரை 31 கட்டம். ஏழு நாளைக்கு 217. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், என்ன வயது, என்ன செய்கிறார்கள் என்று அட்டவணையில் மூன்றே நெடுவரிசை. அட்டவணையை நிரப்ப யாரும் தொடர்ந்து வரவில்லை என்றால், தினம் இரண்டு வேளை குளோரின் பார்க்கிற ஆளும் அங்கே கிடைக்க மாட்டார். நான்கு நாள் தாண்டி யாராவது நிரப்பியிருந்தால், நெட் தளர்ந்ததையும் ஊஞ்சலடிப் பள்ளத்தையும் எட்டிப் பார்க்கிற அந்த ஆளிடமே முதலில் கேளுங்கள்.